ஊரும் கோஷ்டியும்

ரமணாசிரமம் என்றவுடன் மௌனமும் தியானமும் நம் நினைவுக்கு வருமே ஒழிய, பந்தாட்டம் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் மகரிஷிகள் மதுரையில் வேங்கடராமன் என்னும் மாணவராயிருந்த காலத்தில் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் நீச்சலிலும் பெரும் விருப்பமுடையவராக விளங்கினார் என்பதை அவருடைய சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். ஆகையால் அந்தப் பகுதியில் பிள்ளைகளை வளர்த்துவரும் நேயர்களை முன்வைத்து, இந்த வாரம் கூடைப்பந்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது அபசாரமாகாது என்று நம்புகிறோம். சிறிய ஊர் ஒன்று தனக்கென்று ஒரு கோஷ்டியை வளர்த்துக் காப்பாற்ற முடியுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

1896 செப்டம்பர் 1-ந் தேதி மகரிஷிகள் திருவண்ணாமலையை அடைந்தபோது, இந்த விளையாட்டுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.ஸி.ஏ. கலாசாலையில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர் இதைக் கண்டுபிடித்தார். வெளியே கடுங்குளிர், உள்ளே அடைபட்ட மாணவர்களோ அடங்காதவர்கள். நெய்ஸ்மித் இரண்டு பெட்டிகள் கேட்டார். காவற்காரர் பீச் பழக் கூடைகள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மாடிக் கைப்பிடியில் அவற்றை அறைந்தார்கள். அந்தக் கைப்பிடியின் உயரம் பத்து அடி. உலகமெங்கும் வளையத்தின் உயரம் இன்றும் அதே பத்து அடிதான். பக்கத்துக்கு ஒன்பது பேர், பதின்மூன்று விதிகள், ஒரு கால்பந்து: இவ்வளவே மூலதனம். முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்ததாம்!

தமிழ்நாட்டில் இதை வேரூன்றச் செய்ததில் பெரும்பங்கு ஹாரி குரோ பக் என்பவருக்கு உண்டு. 1920-ல் சென்னையில் அவர் ஆரம்பித்த ஒய்.எம்.ஸி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையில் தேறியவர்கள் ஜில்லாப் பள்ளிக்கூடங்களுக்கு டிரில் மாஸ்டர்களாகச் சென்றார்கள். விதிப் புத்தகமும் விசிலும் அவர்களோடு கூடவே சென்றன. 1934-ல் ஆடவருக்கான முதல் தேசியப் பந்தயம் டில்லியில் நடந்தது. 1950-ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் ஏற்பட்டது.

இனி கோஷ்டிகளின் கதைக்கு வருவோம். 1946-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் வில்க்ஸ்-பார், ஹேசில்டன் முதலிய சிறு நகரங்கள் சேர்ந்து ஒரு லீக் ஆரம்பித்தன. அவற்றில் சில நிலக்கரி வெட்டும் ஊர்கள். ஆட்டக்காரர்கள் வாரநாட்களில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டுச் சனி ஞாயிறுகளில் ஆடினார்கள். பெரிய லீக்குக்குப் போகக் கொடுத்துவைக்காதவர்கள் என்று உலகம் அவர்களைச் சொல்லலாம். ஊராருக்கோ அவர்கள் தம் வீட்டுப் பிள்ளைகள். கோஷ்டிகள் மாறின, பெயரும் மாறியது. ஆயினும் அந்த லீக் 2009 வரையில், அறுபது வருஷங்களுக்கு மேல், உயிரோடிருந்தது.

நம் நாட்டிலும் 2015-ல் யு.பி.ஏ. என்ற லீக் எட்டுக் கோஷ்டிகளுடன் தோன்றியது. 'சென்னை ஸ்லாம்' அவற்றுள் ஒன்று. சம்பளம், வெளிநாட்டு ஆட்டக்காரர், தொலைக்காட்சி எல்லாம் இருந்தும் 2017-க்குப் பின் அது நடக்கவில்லை. 2022-23-ல் ஐ.என்.பி.எல். என்ற மற்றொரு லீக்கில் 'சென்னை ஹீட்' என்ற கோஷ்டி ஆடியது. ஆறு நகரங்களின் பெயரால் ஆறு கோஷ்டிகள். ஆட்டங்களோ கொச்சி, ஜெய்ப்பூர், புனே என்று ஊர் ஊராக நடந்தன. ஊரின் பெயர் சட்டையின் முதுகில் இருந்தது. ஊர் மைதானத்தின் ஓரத்தில் இல்லை. பணம் போட்டவர்களை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் கோஷ்டி தோற்கும்போது இரவு சாப்பாடு இறங்காத நாலு வீடுகளாவது ஒரு ஊரில் இல்லாவிட்டால், அந்தக் கோஷ்டி எத்தனை நாள் நிலைக்கும்?

இதற்கு மாறான காட்சியைக் காணப் பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டியதில்லை. மாம்பழத்துக்குப் பேர்போன பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பல பத்தாண்டுகளாக அகில இந்தியக் கூடைப்பந்துப் பந்தயம் நடத்திவருகிறார்கள். கோடைக்காலத்தில் வடநாட்டுக் கோஷ்டிகள்கூட அந்தச் சிற்றூரைத் தேடி வருகின்றன. ராஜதானி நகரத்தின் லீக் இரண்டொரு வருஷத்தில் கலைய, மலையடிவாரத்து ஊரின் பந்தயம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. காரணம், அங்கே நடத்துகிறவர்களும் பார்க்கிறவர்களும் ஒரே தெருக்காரர்கள்.

சிறிய கோஷ்டியில் ஆடுவதை இழிவாக எண்ண வேண்டாம், அது ஏணி. 2015-ல் பஞ்சாபின் சத்னாம் சிங்கை அமெரிக்காவின் பெரிய லீக்கைச் சேர்ந்த டல்லஸ் கோஷ்டி தேர்ந்தெடுத்தது. அவர் ஆடியதோ 'டெக்ஸாஸ் லெஜண்ட்ஸ்' என்னும் சிறிய கோஷ்டியில். சென்னையில் தென்னக ரயில்வேக்கு ஆடிவந்த கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் என்ற கோஷ்டிக்காக ஆடினார். சென்னையின் அனிதா பால்துரை பத்தொன்பதாம் வயதில் இந்தியப் பெண்கள் கோஷ்டிக்குத் தலைவியாகி, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கும்படி வேண்டுகிறோம்.

செங்கம் சாலை வாசிகளே! அருணாசலத்தை வலம் வரும் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில் அன்னதானத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் வாரி வழங்கும் கைகளுக்குக் குறைவில்லை. ஒரு கூடைப்பந்துத் தளத்துக்கு வேண்டிய இடம் இருபத்தெட்டு மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம். இரண்டு கம்பங்கள், இரண்டு வளையங்கள், நாள் தவறாமல் மாலையில் வந்து நிற்கும் ஒரு உபாத்தியாயர் போதும். பந்தயங்களும் கோப்பைகளும் பிறகு வரட்டும். முதலில் வேண்டியது, ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் அரைமணி நேரம் நின்று பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கும் தகப்பனார்களும் தாய்மார்களுமே. கோஷ்டியை விலைக்கு வாங்கலாம். அதற்கு ஊரை விலைக்கு வாங்க முடியாது.