ஊரடங்கும் உள்ளக் குமுறலும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

கொரோனாவைத் தடுக்க 2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் ஊரடங்கு தொடங்கியபோது, எங்கள் வ. புதுப்பட்டி மக்கள் முணுமுணுக்காமல் வீட்டுக்குள் இருந்தனர். நோய்க்கு அஞ்சினோம், அரசின் சொல்லை நம்பினோம். பின் ஏன் குமுறல் எழுந்தது?

விதி இருந்ததால் அன்று. அது எல்லோருக்கும் ஒன்றாக இல்லாததால்! தேநீர்க் கடைகள் அடைபட்டிருந்த மே 7ஆம் நாள் மதுக்கடைகள் திறந்தன. கூலி வேலையின்றிக் கிடந்தவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? ஜூனில் சாத்தான்குளத்தில், நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்ததாகக் கைதான தந்தையும் மகனும் காவலில் இருக்கையில் உயிரிழந்தனர். நாடே கொதித்தது.

ஜூலையில் என் அத்தை, பக்கத்திலுள்ள மதுரை மாவட்டத்துச் சிற்றூரில் காலமானார். எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததோ பட்டன் போன். இரவல் கைபேசியில் விண்ணப்பித்தோம். அனுமதி வருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. உடன்பிறந்த அக்காளின் முகத்தை என் தந்தை கடைசியாகப் பார்க்கவில்லை. செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸே தேவையில்லை என்றானது!

அறிவியல் மாணவன் நான். தொற்றைத் தடுக்கக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் விதி எழுதும் கை, பட்டன் போன் வைத்திருப்பவனையும் எண்ணி எழுதட்டும்.

நண்பர்களே! என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உங்களிலும் பலர் அப்படியே. நாளை நம்மில் சிலர் அதிகார நாற்காலிகளில் அமரக்கூடும். அன்று நம் வீட்டுத் திண்ணையை மறந்துவிடுவோமா?