சந்தாவுக்குக் கோபம், பெட்டிக்கு மௌனம்

என்னிடம் படித்த பிள்ளைகளே, உறவுக்காரர்களே, இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"துப்பாக்கி கேம் ஆட மாசாமாசம் சந்தாவா? பகல் கொள்ளை சார்!" என்று உங்களில் சிலர் பொங்குகிறீர்கள். 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பாஸ் அல்டிமேட் சந்தாவை அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஏற்றியபோதும் இதே கூச்சல்தான்.

பாதி நியாயம். கேமுக்குக் காசு, நெட்டுக்குக் காசு, அப்புறம் நண்பனோடு சேர்ந்து ஆட இன்னொரு காசு என்றால் யாருக்கும் எரியும். பிளேஸ்டேஷன் 3-ல் சும்மா கிடைத்ததை 2013-ல் நான்காவது வந்தபோது சந்தாவுக்குள் தள்ளினார்கள். சத்தம் போட்டால் பலன் உண்டு என்பதும் உண்மை. 2021 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு கட்டணத்தை ஏற்றுவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பைப் பார்த்து ஒரே நாளில் பின்வாங்கினார்கள்.

என் சண்டை மிச்சப் பாதியோடு. சந்தா என்பது சீசன் டிக்கெட் மாதிரி. கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு மாதம் இவ்வளவு என்று தெரிந்துதான் எடுக்கிறோம். கட்டுப்படியாகாவிட்டால் விட்டுவிடுகிறோம். "இலவச" கேமில் அந்தக் கணக்கே கிடையாது. பிஜிஎம்ஐ-யை எடுத்துக்கொள்ளுங்கள். டவுன்லோட் செய்யக் காசில்லை. உள்ளே போனால் யூசி வாங்கு, ராயல் பாஸ் வாங்கு, கிரேட் திற. ஆசைப்பட்ட துப்பாக்கி ஸ்கின் வராது, ஏதோ ஒரு தொப்பி வரும். மறுபடி திற. ரூபாயை யூசியாக மாற்றிவிட்டால் எவ்வளவு போனது என்று மனதில் உறைக்காது. அதற்காகத்தான் அந்த மாற்றமே. 2021-ல் அந்த கேம் வந்தபோது 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வைத்த செலவு வரம்பு 7,000 ரூபாய். மாதத்துக்கு இல்லை ஐயா, ஒரு நாளைக்கு! அதற்கு உங்களில் ஒருவர்கூடப் பொங்கி நான் பார்க்கவில்லை.

2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். சுரண்டல் சீட்டில் அன்றாடக் கூலியைத் தொலைத்தவர்களை உங்கள் அப்பாக்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்தப் பெட்டியும் அதே ஜாதிதான். லாட்டரியில் விழுந்தால் காசாவது கையில் வரும், இதில் தொப்பி. காசு கொடுத்துத் திறக்கும் இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம்கூட, பொழுதுபோக்கு கேமுக்குச் சந்தா வாங்கலாம், அது பந்தயப் பணமாக இருக்கக் கூடாது என்றுதான் பிரித்துச் சொல்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த வித்தியாசம் இன்ஜினியரிங் முடித்த உங்களுக்குத் தெரியவில்லையா?

"சந்தா வைத்தால் ஏழைப் பையன் எப்படி சார் ஆடுவான்?" என்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் ஸ்கின் இல்லாதவனை 'நூப்' என்று கேலி செய்வது யார்? கூட ஆடுகிற நீங்கள்தானே? அந்தக் கேலி தாங்காமல்தான் அவன் அம்மாவின் ஜிபே-யைத் தொடுகிறான். காய்கறி விற்ற காசு, சீட்டுப் பணம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பெற்றோராகிவிட்ட என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று ராத்திரி பிள்ளையின் போனில் கூகுள் பிளேயைத் திறந்து, பணம் கட்டிய ஹிஸ்டரியை ஒரு வருஷத்துக்குக் கூட்டுங்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்து, வந்த எண்ணைக் கீழே எழுதுங்கள். எந்த சந்தாவைவிடக் குறைவு என்று அப்புறம் பேசலாம்.