கடனோடு ஒட்டிவந்த காப்பீடு: திரும்பக் கேட்கக் கமிஷன் எதற்கு?

கடன் வாங்கியவரிடம் சொல்லாமலோ, கட்டாயம் என்று பொய் சொல்லியோ தலையில் கட்டப்பட்ட காப்பீட்டுக்கான பணத்தை அவர் திரும்பக் கேட்கலாம். அப்படிக் கேட்க எந்தத் தரகருக்கும் ஒரு ரூபாய்கூடத் தரவேண்டியதில்லை. நுகர்வோருக்காக இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிச் சதவீதம் பேசும் எந்த நிறுவனத்தையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எங்களைத் தேடி வருபவர்களை வேறொருவரிடம் அனுப்பி அதில் பங்கு வாங்கவும் மாட்டோம்.

கடன் கொடுக்கும் இடத்தில் இது எப்படி நடக்கிறது என்பது பலருக்கும் தெரியும். கட்டுக்கட்டாகத் தாள்கள் வரும். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார்கள். வீட்டு ஆவணம் அடமானமாகப் போகும் பதற்றத்தில் இருப்பவர் எதையும் படிப்பதில்லை. அந்தத் தாள்களில் ஒன்று காப்பீட்டு விண்ணப்பமாக இருக்கும். கேட்டால், "இது இருந்தாதான் சார் லோன் சாங்ஷன் ஆகும்" என்பார்கள். அது உண்மையல்ல. கடன் வாங்குபவர் ஆயுள் காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. வாகனத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அடமானம் வைக்கும் வீட்டுக் கட்டடத்துக்குக் காப்பீடு வேண்டும் என்று வங்கி நிபந்தனை போடலாம், ஆனால் எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது கடன் வாங்குபவரின் விருப்பம். உயிருக்கான காப்பீடு முழுக்க முழுக்க விருப்பத்துக்கு உட்பட்டது. வங்கி அதை விற்பது முகவர் என்ற முறையில். ஒவ்வொரு விற்பனையிலும் அதற்குக் கமிஷன் உண்டு.

இதனால் எவ்வளவு பணம் போகிறது என்பதைப் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. 80,000 ரூபாய் பிரீமியத்தைக் கையிலிருந்து கேட்டால் யாரும் யோசிப்பார்கள். கடனோடு சேர்த்துவிட்டால் தெரியாது. 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், அந்த 80,000 மட்டும் மாதத் தவணையில் சுமார் 720 ரூபாயை ஏற்றிவிடும். 240 மாதமும் கட்டி முடிக்கும்போது அந்தக் காப்பீட்டுக்குக் கொடுத்தது 1,72,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். காப்பீட்டைத் தவறாக விற்பது கடன் வாங்குவோரின் செலவை மறைமுகமாக உயர்த்துகிறது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் வங்கியாளர்கள் கூடியிருந்த மேடையில் கண்டித்தார்.

காப்பீடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பாதிக்கும் ஒரே ஆள் திடீரென்று இறந்துபோனால், மீதிக் கடனைக் காப்பீடு அடைத்து வீட்டைக் காப்பாற்றிய குடும்பங்கள் உண்டு. தெரிந்து, விலை கேட்டு, உடல்நிலையை உண்மையாக எழுதிக்கொடுத்து எடுத்த காப்பீட்டைக் கோபத்தில் ரத்து செய்துவிடாதீர்கள். குறிப்பாக, இப்போது வயதோ நோயோ கூடியிருந்து புதிதாகக் காப்பீடு கிடைப்பது கடினம் என்றால், முடிவெடுப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் கடனில் காப்பீடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க யாருடைய உதவியும் தேவையில்லை. ஒப்புதல் கடிதத்தில் உள்ள தொகையையும் உங்கள் கணக்கில் வரவான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்து லட்சம் ஒப்புதலாகி நான்கு லட்சத்து எழுபதாயிரம்தான் வந்திருந்தால், அந்த முப்பதாயிரம் எங்கே போனது என்று ஒவ்வொரு இனமாகக் கேளுங்கள். பரிசீலனைக் கட்டணம், அதற்கான ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் போக மீதி இருந்தால் அது பெரும்பாலும் பிரீமியம்தான். கடன் கணக்கு விவரத்தைத் தொடக்க நாளிலிருந்து கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் பிரீமியத்துக்கென்றே தனிக் கடன் கணக்கு எண் போட்டிருப்பார்கள். பாஸ்புக்கில் வருடாவருடம் ஒரே தேதியில் ஒரு தொகை கழிந்தால், அது கடனோடு சேர்த்து எழுதப்பட்ட வேறொரு பாலிசியாக இருக்கலாம். பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்துக்கு 436 ரூபாய், சுரக்ஷா திட்டத்துக்கு 20 ரூபாய் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவற்றைப் பிரித்துப் பார்ப்பது எளிது.

காப்பீடு இருப்பது தெரிந்ததும் காப்பீட்டுச் சான்றிதழையும் விண்ணப்பப் படிவத்தின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். இந்த வகைக் காப்பீடு பெரும்பாலும் வங்கியின் பெயரில் உள்ள குழுக் காப்பீடு, உங்களிடம் இருக்கவேண்டியது சான்றிதழ்தான். பலருக்கு அது வந்ததே இல்லை. படிவத்தில் கையெழுத்து உங்களுடையதா, கைபேசி எண் உங்களுடையதா, நாமினி யார், சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருந்தும் உடல்நலக் கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று யாராவது நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் எங்களுக்குக் கவலை அதிகம். பிரீமியம் போனதோடு போகாது, இறப்புக்குப் பிறகு குடும்பம் இழப்பீடு கேட்கும்போது அந்த 'இல்லை'யைக் காட்டியே மறுக்கக்கூடும். காப்பீட்டுக் காலத்தையும் பாருங்கள். இருபது வருடக் கடனுக்கு ஐந்து வருடக் காப்பீட்டை விற்றுவிட்டு, "கடன் முடியும்வரை கவர் இருக்கு" என்று சொல்லியிருந்தால் அதுவும் தவறான விற்பனைதான். சேமிப்புப் பாலிசி ஒன்றை வைப்புத்தொகை மாதிரி என்று சொல்லி, கடன் வேண்டுமானால் வருடம் ஒரு லட்சம் கட்டச் சொல்வது எல்லாவற்றிலும் கொடியது. அதை இடையில் நிறுத்தினால் கட்டியதில் கணிசமான பகுதி போய்விடலாம்.

மகளிர் குழுக்கடனில் தொகை சிறியது, வலி பெரியது. வருட வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கான நுண்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விதிகள், கடன் அல்லாத எதையும் கடன் வாங்குபவரின் முழுச் சம்மதத்தோடுதான் விற்கவேண்டும், அதன் கட்டணத்தைக் கடன் அட்டையிலேயே எழுதவேண்டும் என்கின்றன. அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள் அக்கா, தங்கச்சிகளே. அதில் எழுதாத எதையும் பிடித்திருந்தால் மையக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் கேளுங்கள். விவசாயிகளுக்கும் ஒன்று: கடன் வாங்கியவர்களுக்குப் பயிர்க் காப்பீடு கட்டாயம் என்பது 2020 காரிஃப் பருவத்திலிருந்து இல்லை. வேண்டாதவர்கள் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிடவேண்டும்.

புதிய கடன்களுக்குப் பிடிமானம் இன்னும் வலுவாக இருக்கிறது. தனிநபர்களும் சிறு தொழில் செய்பவர்களும் 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கும் தவணைக் கடன்களுக்கு, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை கொடுக்கவேண்டும். கடன் கொடுப்பவர் வழியாக வசூலாகும் காப்பீட்டுக் கட்டணம் அதில் தனியாக இருக்கவேண்டும், மொத்த வருட வட்டி விகிதக் கணக்கிலும் சேரவேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. ஆயுள் காப்பீட்டு ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பும் உண்டு. கழிந்த நாட்களுக்கான பங்கு, மருத்துவப் பரிசோதனை, முத்திரைச் செலவு போக மீதி திரும்பிவிடும். குழுக் காப்பீடாக இருந்தால் இந்த விவரம் சான்றிதழில் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். கடனை முன்கூட்டியே அடைத்தவர்கள், மீதிக் காலத்துக்கான பிரீமியத்தில் எவ்வளவு திரும்பும் என்று கேட்காமல் தடையில்லாச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிடவேண்டாம்.

புகார் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். கடன் எண், பிடித்த தொகை, தேதி, அன்று உங்களிடம் என்ன சொன்னார்கள், என்ன சொல்லவில்லை, என்ன வேண்டும் என்று எழுதி வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்து முத்திரையிட்ட நகலோ பதிவு எண்ணோ வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ வங்கி மீதான புகாரை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலோ தபாலிலோ அனுப்பலாம். விவரம் கேட்க 14448. காப்பீட்டு நிறுவனத்தின் மீதான புகாருக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளமும் 155255 என்ற எண்ணும் இருக்கின்றன. அதற்கு மேல் சென்னை தேனாம்பேட்டையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் அங்கே போகவேண்டும். பாதிக்கப்பட்டவரோ வாரிசோ நாமினியோ நேரடியாக மனு செய்யும் இடம் அது. இவற்றில் எதற்கும் கட்டணம் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமின்றி இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம்.

கதவுகள் இத்தனை திறந்திருக்கும்போது கமிஷன் கொடுப்பது ஏன் தவறு என்பதற்குப் பிரிட்டன் ஒரு பாடம். அங்கே கடன்களோடும் கிரெடிட் கார்டுகளோடும் சேர்த்துப் பல வருடங்கள் தவறாக விற்கப்பட்ட காப்பீட்டுக்காக வங்கிகள் 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுத்தன. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் வங்கிகள் தோற்றபின் புகார்கள் குவிந்தன, 2019 ஆகஸ்ட் 29 கடைசித் தேதி. குறைதீர்ப்பாளர் சேவை அங்கேயும் இலவசம். இருந்தும் மீட்புத் தரகு நிறுவனங்கள் ஓயாமல் போன் செய்து, குறுஞ்செய்தி அனுப்பி, படிவம் நிரப்பியதற்கே கால் பங்கும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டன. 2011-க்கும் 2015-க்கும் இடையில் மட்டும் 380 கோடி முதல் 500 கோடி பவுண்டு வரை இப்படிப் போயிருக்கும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. 2018 ஜூலையில்தான் கட்டணத்துக்கு 20 சதவீதம் என்று வரம்பு வந்தது. ஏமாந்தவர் இரண்டாவது முறையும் இழந்த பிறகு வந்த வரம்பு அது. இங்கே அதுவரை காத்திருக்கக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர், வேலைக்கு லீவு போட முடியாதவர் என்ன செய்வார், தரகர் உழைப்புக்குத்தானே வாங்குகிறார் என்ற கேள்வி நியாயமானது. உதவி வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. மனு எழுதித் தந்தவருக்கு எழுத்துக்கூலி கொடுப்பது வேறு, மீட்கும் பணத்தில் முப்பது சதவீதத்துக்குக் கையெழுத்துப் போடுவது வேறு. முன்பணம் கேட்பவரிடமும், ஓடிபி கேட்பவரிடமும், "ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் போனஸ் நிற்கிறது" என்பவரிடமும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஆணையம் அப்படி யாரையும் அழைப்பதில்லை. எங்கள் தன்னார்வலர்கள் தாள்களைச் சரிபார்த்து மனு எழுதித் தருவார்கள், கூலி கிடையாது, மூல ஆவணத்தை வாங்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் நாங்கள் கேட்பது இவை. கடன் கொடுத்த அன்றே காப்பீட்டுக்குக் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். காப்பீட்டுச் சம்மதத்தைத் தமிழில், தனித் தாளில், வேறொரு நாளில் வாங்குங்கள். சான்றிதழ் போய்ச் சேராத கணக்குகளை நீங்களே தேடி எடுத்து, புகாருக்குக் காத்திராமல் எழுதுங்கள். பிரீமியத்தைத் திருப்பும்போது அந்தத் தொகைக்குக் கடன் கணக்கில் வசூலித்த வட்டியையும் சேர்த்துத் திருப்புங்கள். பணத்தைக் கடன் கணக்கிலேயே வரவு வைப்பதானால், தவணை குறைந்ததா, காலம் குறைந்ததா என்று புதிய அட்டவணையைக் கடன்தாரர் கையில் கொடுங்கள்.