கடலோர வீட்டில் இரண்டு இரவு

எங்கள் வையம்பட்டி வானம் பார்த்த பூமி. கிணற்றில் தண்ணீர் கண்டாலே கும்பிடுகிறவர்கள் நாங்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் கடல் பார்த்தது வேளாங்கண்ணியிலும் ராமேஸ்வரத்திலும்தான். அதுவும் கூட்டத்தோடு கூட்டமாகக் காலை நனைத்துவிட்டு பஸ் ஏறியதோடு சரி! இந்த மே மாதம் என் மகள், "அம்மா, ரெண்டு நாள் நீ அடுப்புப் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லி, மூன்று வயதுப் பேரனோடு எங்களைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போனாள்.

தங்கியது ஹோட்டலில் இல்லை. வீட்டுக்காரர்கள் கீழே குடியிருந்துகொண்டு மாடியில் இரண்டு அறைகளை விருந்தாளிகளுக்கு விடுகிறார்கள். 'ஹோம் ஸ்டே' என்று இப்போது பெயர்.

திருச்சியிலிருந்து ரயிலில் மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ். ஊரைப் பற்றி இரண்டே வரி சொல்கிறேன். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டென்மார்க்காரர்கள் 1620ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பக்கத்திலேயே 1306ல் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் ஒரு பகுதியைக் கடலே விழுங்கிவிட்டது. பார்க்கவே மனசு என்னவோ செய்தது.

மணப்பாறை முறுக்கு இரண்டு பாக்கெட் கொண்டுபோயிருந்தேன். "பிரிச்சா உடனே சாப்பிட்டுடணும்க்கா, உப்புக் காத்துல நமத்துடும்" என்று வீட்டம்மா சிரித்தபடி டப்பாவில் போட்டு இறுக மூடினாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமாம். அதனால் பெரிய மீன் இல்லை. நாட்டுப் படகில் வந்த மத்தியையும் நெத்திலியையும் வைத்தே குழம்பு, வறுவல் என்று அசத்திவிட்டாள்.

ஆனால் எனக்கு உட்காரத் தெரியவில்லை! சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனேன். "வைங்கக்கா, நீங்க விருந்தாளி" என்று பிடுங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் என் தட்டை இன்னொருத்தி கழுவியது பிரசவத்துக்குப் படுத்தபோதுதான்.

இரண்டாம் நாள் காலையில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், இளந்தாய்மார்களுக்கு உதவும். "முழங்காலுக்கு மேல இறங்காதீங்க" என்று வீட்டம்மா சொல்லித்தான் அனுப்பினாள். நானும் முழங்கால் தண்ணீரில்தான் நின்றேன், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு. அலை வரும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் போகும்போது பாதத்துக்கு அடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போனதில் தடுமாறி விழுந்தேன். குழந்தையின் கை வழுக்கியது. கரையில் நின்ற வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அவனைத் தூக்கினார். இரண்டு வாய் உப்புத் தண்ணீர் குடித்ததோடு போயிற்று. எனக்குத்தான் அன்று முழுவதும் கை நடுக்கம் நிற்கவில்லை.

எனக்கு முழங்கால் என்பது குழந்தைக்கு நெஞ்சு என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. சின்னக் குழந்தை ஈர மணலோடு நிற்கட்டும். கையைப் பிடிப்பதைவிட இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதே நல்லது. கடலுக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுக்க வேண்டாம். பெரியவர்கள் யாரையாவது நீரோட்டம் இழுத்தால், எதிர்த்துக் கரைக்கு நீந்தினால் களைத்துப் போவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகு கரை திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர் பதறாமல் மிதக்கப் பார்த்து, கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும்.

இப்படி வீடுகளில் தங்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டுமுன் போனிலேயே சில விஷயம் கேட்டுவிடுங்கள். குடிக்கிற தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? ராத்திரி குழந்தைக்குப் பால் காய்ச்சித் தருவார்களா? மாடிப்படிக்குக் கைப்பிடி உண்டா? கூச்சப்படாதீர்கள், கேட்டால் அவர்களும் சந்தோஷமாகத்தான் சொல்கிறார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கீழே இறங்கினேன். வீட்டம்மா சமையலறையில் உட்கார்ந்து நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பழைய வீடு போய், கடன் வாங்கி இந்த வீட்டைக் கட்டினார்களாம். மாடியை விருந்தாளிகளுக்கு விடலாம் என்று சொன்னது அவள்தான்.

"விடிகாலை நாலரைக்கு எந்திரிச்சா ராத்திரி பத்து ஆயிடுது. அலுப்பா இல்லையா?" என்றேன்.

"முன்னாடியும் இதே வேலைதானேக்கா செஞ்சேன்? இப்ப காசு வருது. என் பேர்ல பாஸ்புக் இருக்கு" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பேரில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே மாடி ஏறினேன்.

ஊருக்கு வந்ததும் முறுக்கு டப்பாவில் ஒளித்து வைத்திருந்த சில்லறையை எண்ணினேன். போன வாரம் தபாலாபீஸில் 500 ரூபாய் கட்டி என் பேரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கியாயிற்று. "எதுக்குடி இப்ப?" என்றார் இவர். "அடுத்த வருஷம் தரங்கம்பாடிக்கு நான் உங்களைக் கூட்டிப் போறேன்" என்றேன்.