லைசென்ஸ் கேட்டால் கோபித்துக்கொள்வாரா?

வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டி ஏமாந்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் ஒரே தீர்ப்புதான்: பேராசை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஒரு பையன் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போனால் அந்த வீட்டுக்குச் சம்பளம் மட்டுமா வருகிறது? தங்கையை நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள். திருவிழா வரி வசூலிக்க வருகிறவர்கள் அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். காலங்காலமாக ஊர்க்கூட்டத்தில் ஓரமாக நின்ற குடும்பம் நாமும் நாலு பேர் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த ஆசை, கேட்க வேண்டிய கேள்வியைத் தொண்டைக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. என் கவலை அதுதான்.

அறந்தாங்கிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, மகனுக்கு வந்த விசாவை செல்போனில் காட்டினார். நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்தாகிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் இருந்தது, பாஸ்போர்ட் எண் இருந்தது, போட்டோ இருந்தது. எந்த வகை விசா என்று போட்டிருக்கும் மேல் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

“முழுசா அனுப்பச் சொல்லுங்கக்கா. அப்படியே அந்த ஏஜெண்டோட லைசென்ஸ் நம்பரையும் கேளுங்க.”

“கேட்டா கோவிச்சுக்குவாரு தம்பி. மச்சான் வழியா வந்தவரு. பத்துப் பேரு வரிசையில நிக்கயில நம்ம புள்ளைக்குன்னு எடுத்து வச்சிருக்காரு.”

பணம் கொடுப்பது இவர். கடன்பட்டவர் போலக் கூசி நிற்பதும் இவரே. வாரச்சந்தையில் கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் வாங்காதவர், லட்சக்கணக்கில் பணம் கேட்கும் மனிதரிடம் ஒரு எண்ணைக் கேட்கத் தயங்குகிறார். கேட்டால் வாய்ப்பு கைநழுவிவிடும் என்ற பயம் ஒரு பக்கம், அறிமுகப்படுத்திய உறவுக்காரர் முகம் சுளிப்பாரே என்ற சங்கடம் மறுபக்கம். இந்த இரண்டையும் நம்பித்தான் ஏமாற்றுகிறவர்களின் தொழிலே நடக்கிறது. முன்பின் தெரியாத ஆள் நேராக வந்து வாசலில் நிற்பதில்லை. மச்சானோ, உடன் படித்தவனோ, சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ சேர்ந்து போகிறவரோ கூட்டிவருகிறார். நாம் நம்புவது நடுவில் இருக்கும் அந்த ஆளை. பணம் போய்ச் சேருவது யாரிடம் என்று அவருக்கே பல நேரம் தெரியாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் இதில் விழுகிறார்கள் என்பதும் உண்மையில்லை. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன படித்த இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோய் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அந்த செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பதிவு, அதாவது லைசென்ஸ், பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். ஊருக்கு ஊர் ‘சப் ஏஜெண்ட்’ வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி இல்லை. பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். தனியார் ஏஜெண்டே வேண்டாம் என்றால், தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. ரசீது கேட்பது அவமரியாதை இல்லை, சட்டமே நம் கையில் கொடுத்த உரிமை. நேர்மையாகத் தொழில் செய்கிறவர் பதிவு எண்ணைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருப்பார். கேட்டால் கோபப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அக்கா கடைசியில் கேட்டுவிட்டார். முழுப் படம் வந்தது. விசிட் விசா. “போய் இறங்கட்டும், அங்க மாத்திக்கலாம்” என்றாராம் அந்த ஆள். விசிட் விசாவில் போய் வேலை செய்து மாட்டிக்கொண்டால் அங்கே தண்டனை அனுபவிப்பது போகிறவன்தான். லைசென்ஸ் நம்பரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். பையன் போகவில்லை. முன்பணம் இன்னும் திரும்பவில்லை. போலீசில் புகார் கொடுக்கலாம் என்றால், மச்சானையும் விசாரிப்பார்களே என்று வீட்டில் இழுபறி.

ஒரு தாய் தனியாக நின்று இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு கூச்சம். ஊரே சேர்ந்து கேட்கலாம். சுதந்திர தினத்தன்றும் காந்தி ஜெயந்தி அன்றும் எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலையும், அவர்கள் வாங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் தொகையையும் அங்கே வாய்விட்டு வாசிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு ஆள் போகும் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களிலாவது ஆட்சியர்கள் வரும் கூட்டத்திலேயே இதைத் தொடங்க உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.