புடவை மூட்டையோடு போன பிரயாணி

இலங்கைக்குப் போய்வந்தவர்களின் பேச்சு இப்போது நம் பக்கத்தில் அதிகமாகக் கேட்கிறது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. மொத்தமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு, கண்டி, நுவரெலியா எல்லாம் சுற்றிக்காட்டி, நாலாம் நாள் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். போய்வந்தவர் என்ன சொல்கிறார்? பச்சைப் பட்டு விரித்தாற்போல் மலை. மலை மேல் பனி. வரிசையாக நின்று கொழுந்து கிள்ளும் பெண்கள். கையில் சூடான தேநீர். "அடடா, சொர்க்கம்!" என்கிறார்.

அந்தச் சொர்க்கத்தில் குடியிருப்பவர் யார், எங்கே படுத்து உறங்குகிறார் என்று கேட்டால் பதில் இல்லை. ஏன்? கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. அவரை எந்த வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனார்களோ, அந்த வாசலில் நின்று தெரிவதைத்தான் அவர் பார்க்கிறார்.

இதே நாட்டுக்கு நூறாண்டுக்கு முன் வேறு வாசல் வழியாகப் போன ஒருவர் உண்டு. தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர். பத்திரிகை நடத்தியவர். வியாபாரிகள் சங்க வேலையாகத்தான் முதலில் கொழும்புக்குப் போனார். அவர் நினைத்திருந்தால் மாலையும் விருந்துமாகப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் நம் ஜில்லாக்களிலிருந்து லட்சக்கணக்கில் போன ஜனங்கள் மலையில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க விரும்பினார். பார்க்க விட்டால்தானே! தோட்டம் துரையின் சொத்து. அனுமதியில்லாமல் வெளியாள் காலை வைத்தால் சட்டப்படி குற்றம்.

ஆனால் புடவை விற்கிறவன் போகலாம். அவனை யாரும் தடுப்பதில்லை. ஆகவே அய்யர் புடவை வியாபாரியாக வேஷம் போட்டு, மூட்டையோடு லயங்களுக்குள் நுழைந்தார். நெசவுக்குப் பேர்போன குன்றத்தூர்க்காரனாகிய எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கிறது. புடவை மூட்டைக்கு இப்படியும் ஓர் உபயோகம்!

அன்று அந்த லயங்கள் எப்படி இருந்தன? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. விடியுமுன் தப்பு ஒலிக்கும். எழுந்து பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்தவன் கங்காணி. கப்பல் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் முன்பணமாக எழுதிக்கொள்வான். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு தனி. தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். அவன் பேரில் எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு அது. புதிய துரை கடனைக் கட்டினால் ஆள் அவனுடையவன். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பேரில் கடன் எழுதுவதில்லை! இந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. கடன் ஒழியவில்லை.

பார்த்ததை எழுதியதோடு அய்யர் நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத அவசியமில்லை. அவர் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். 1924இல் "தேசபக்தன்" பத்திரிகை தொடங்கினார். சட்டசபைக்குப் போனார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கண்டார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டு எழுதி, தோட்டம் தோட்டமாகப் பாடினார். படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அந்தப் பாட்டுதான் பத்திரிகை. அய்யர் கம்யூனிஸ்ட் அல்லர். அவருடைய அரசியலில் நாம் ஏற்க முடியாதவை உண்டு. ஆனால் 1947இல் சாகும்வரை, முதல் நாள் பார்த்ததை அவர் மறக்கவில்லை. அது போதும்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டது; கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து, மலையை உழுது நாட்டுக்குச் சோறு போட்டவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து பேசி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். மனிதர்களை, ஐயா, மனிதர்களை! தங்களுக்கு எந்த ஊர் வேண்டுமென்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

உறவினர் ஒருவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததால் சென்ற ஆண்டு நானும் போனேன். ஹட்டன் பாதையில் வண்டியை நிறுத்தி, கீழே தெரிந்த லயத்துக்குப் போகவேண்டும் என்றேன். "அங்கே பார்க்க என்னங்க இருக்கு?" என்றார் டிரைவர். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான்! பிறகு அவரே முன்னால் இறங்கி வழிகாட்டினார். தகரக் கூரை, கூரை மேல் கல். வாசலில் இருந்த ஒரு கிழவி, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றாள். சொன்னேன். "எங்க தாத்தா துறையூர்ப் பக்கம். அது உங்க ஊருக்குக் கிட்டவா?" என்று கேட்டாள். துறையூரை அவள் பார்த்ததில்லை. நாட்கூலி ஆயிரம் ரூபாய்க்குப் பல வருஷம் போராடி, 2021இல்தான் கிடைத்தது என்று அவள் மகன் சொன்னார். அதுவும் இலங்கைப் பணம். கிலோக் கணக்குக் குறைந்தால் முழுப்பேர் போடுவதில்லையாம். குடியிருக்கும் அறைக்குச் சொந்தப் பத்திரம் கிடையாது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போய்விட்டார்கள். இதெல்லாம் அரைமணி நேரத்தில் தெரிந்த விஷயம். தேயிலைத் தொழிற்சாலையை ஒருமணி நேரம் சுற்றிக்காட்டியவர்கள் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

சரி, இதைக் குன்றத்தூர்த் தொழிலாளிக்கு ஏன் சொல்கிறேன்? இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த வாலிபர்கள் நம் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். ஆள் கொண்டுவருகிறவருக்கு இப்போது காண்டிராக்டர் என்று பெயர். முன்பணம் கழியாமல் ஊருக்குப் போக முடியாது என்று இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள். அவர்களுக்கு நம் நாடு அந்நிய நாடு. நம்மைப் பற்றி அவர்களுடைய முதல் அபிப்பிராயம் என்னவாக இருக்கும்? "வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்தான்" என்று டீக்கடையில் நம்மவர் பேசுவதை அவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். கொழும்பில் குணசிங்காவும் முதலில் எல்லாத் தொழிலாளரையும் ஒரே சங்கத்தில் சேர்த்தார். 1930ஐ ஒட்டி வேலை அருகியபோது இந்தியத் தொழிலாளிக்கு எதிராகத் திரும்பினார். அதனால் லாபம் அடைந்தவர் முதலாளிகளே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வாலிபர்கள் சமைக்கிற நேரம். அறைக்கதவு திறந்தே இருக்கும். சங்கத் தோழர்கள் இருவர் இருவராகப் போகலாம். பாஷை தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளலாம். மூட்டையும் வேண்டாம், வேஷமும் வேண்டாம். மாதக் கூலி எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு, ஈ.எஸ்.ஐ. சீட்டு இருக்கிறதா என்று இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள்.