கவர்ச்சி அரசியல்: சொல்லும் பொருளும்

தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் அலுவலகத்து வடபுல நண்பர்கள் நம்மை நோக்கி ஒரு கணை தொடுப்பர்: தமிழ்நாட்டில் இலவசங்களுக்கு வாக்கு விற்கப்படுகிறதாம்! நம்மவருள்ளும் பலர் அதற்குத் தலையசைத்து விடுகின்றனர். 'பாப்புலிசம்' என்பதைக் கவர்ச்சி அரசியல் என்று நாளேடுகள் பெயர்த்ததால் வந்த வினை இது.

அச்சொல்லின் பிறப்போ வேறு. இருப்புப்பாதைக் கம்பெனிகளின் கட்டணக் கொடுமையையும் வங்கிகளின் பிடியையும் எதிர்த்து 1892இல் அமெரிக்க உழவர்கள் மக்கள் கட்சியாகத் திரண்டனர். அவர்களைச் சுட்டவே ஆங்கிலத்தில் அச்சொல் வழங்கலாயிற்று. 'நாங்களே மக்கள், எதிரே நிற்போர் மக்களின் பகைவர்' என்று கோடு கிழிப்பதே அதன் உயிர்நாடி. அக்கோடு சில வேளை நியாயத்தின் பக்கமும் விழும். ஒரு தலைவரே மக்கள் என்றாகும்போதுதான் கேடு தொடங்குகிறது.

நம் நாட்டில் அதனைக் காண 1971க்குச் செல்ல வேண்டும். 'வறுமையே வெளியேறு' என்னும் முழக்கத்தோடு இந்திரா காந்தி அம்மையார் மக்களவையில் 352 இடங்களை வென்றார். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது. இவற்றால் நன்மையே இல்லை என்போம் அல்லோம். ஆயின், இந்திராவே இந்தியா என்று அவர் கட்சித் தலைவர் பரூவா முழங்கும் நிலையும் வந்தது. 1975 ஜூன் 25இல் நெருக்கடி நிலை. எதிர்த்தவர் சிறை புகுந்தனர்; ஏடுகள் தணிக்கைக்குப் பணிந்தன. 1976இல் தில்லி துர்க்மான் கேட்டில் எளியவர் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. வறுமையை வெளியேற்றப் புறப்பட்டவர்கள் வறியவரை வெளியேற்றினர்!

இனிச் சோற்றுக்கு வருவோம். 1956இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தபோது, கவர்ச்சித் திட்டம் என்று எள்ளியோர் பலர். 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றமே, எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு அளிக்க ஆணையிட்டது. அச்சோற்றுக்காக எவரையும் பகைவராக்க வேண்டியிருக்கவில்லை. அதன் செலவு சட்டமன்றத்தில் கணக்காக வைக்கப்பட்டது, கேள்விக்கும் உட்பட்டது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியை நாம் தாங்கிப் பேசப் போவதில்லை. நலத்திட்டங்களின் மேல் தலைவர் படத்தை ஒட்டும் வழக்கமும் நம்மை உறுத்தவே செய்கிறது. பொதுப்பணம் ஒருவரது கொடையாக வேடம் பூணுவது அங்கேதான்.

ஆனால், ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி ஆணைக்குக் காத்திருக்கும் நாம் அதனை உரிமை என்கிறோம். கூலியாளின் பிள்ளை உண்ணும் முட்டைக்கு மட்டும் வேறு பெயர் எதற்கு?